வெள்ளை கோட்டுப் பைக்குள் என்ன இருக்கிறது?

பூந்தமல்லி நெடுஞ்சாலையின் மருத்துவ மாணவர்களும் அவர்கள் செல்போனும்

சென்னைக்கு மேற்கே என்றாலே ஒரு காலத்தில் ஷிஃப்ட் சங்குதான். அம்பத்தூர் எஸ்டேட்டும், ஆவடி டாங்க் ஃபேக்டரியும், பாடியின் கம்பெனிகளும் வைத்த நேரத்தில்தான் ஊரே எழுந்தது, சாப்பிட்டது, தூங்கியது. இன்று அதே சாலைகளில் கம்பெனி பஸ்ஸோடு மருத்துவக் கல்லூரி பஸ்ஸும் முட்டிக்கொண்டு ஓடுகிறது. போரூரில் 1985-ல் தொடங்கிய ஸ்ரீ ராமச்சந்திரா இந்த வரிசைக்கு மூத்தது. 2008-ல் வேலப்பன்சாவடியில் ஏ.சி.எஸ். வந்தது, அதே ஆண்டு தண்டலத்தில் சவீதா. மாங்காட்டுப் பக்கம் சிக்கராயபுரத்தில் முத்துக்குமரன், கோவூரில் மாதா, பூந்தமல்லியைத் தாண்டினால் வரதராஜபுரத்தில் பனிமலர். அம்பத்தூர், ஆவடி வழியாக ரயில் பிடித்தால் திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி. அந்தக் கல்லூரியை 2022 ஜனவரி 12 அன்று, இன்னும் பத்துக் கல்லூரிகளோடு சேர்த்து, பிரதமர் காணொலியில் திறந்துவைத்தார். திரையிலேயே பிறந்த கல்லூரி என்றுகூடச் சொல்லலாம்.

இங்கே படிக்கிற பிள்ளைகளைப் பற்றி வீட்டிலும் வகுப்பிலும் சொல்லப்படும் புகார் ஒன்றுதான்: எந்நேரமும் போன். சாப்பாட்டு மேசையில் போன், கல்லூரி பஸ்ஸில் போன், வார்டு ரவுண்ட்ஸில் பேராசிரியர் முதுகைத் திருப்பினால் போன். புகாரில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அந்த போனுக்குள் என்ன ஓடுகிறது என்று எட்டிப் பார்க்காமல் ‘அடிமை’ என்று முத்திரை குத்திவிட்டுப் போவதில்தான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தியின் சாதாரண நாளைப் பாருங்கள். காலையில் எழுந்ததும் திறப்பது யூனிட் வாட்ஸ்அப் குரூப். இன்று எந்த வார்டு, எத்தனை மணிக்கு ரவுண்ட்ஸ், யார் கேஸ் பிரசென்ட் பண்ண வேண்டும் என்பதெல்லாம் அதில்தான் வரும். வகுப்பில் போட்ட பி.பி.டி. இன்னொரு குரூப்பில் வரும். இன்டர்னல்ஸ் தேதி கிளாஸ் ரெப் போடும் மெசேஜில் வரும். ஹாரிசன் மெடிசின், ராபின்ஸ் பேத்தாலஜி எல்லாம் பி.டி.எஃப்.பாக டவுன்லோடு ஆகிக் கிடக்கும். தலையணை கனத்தில் இருக்கும் அந்தப் புத்தகங்களை யாரும் பஸ்ஸில் தூக்கிப் போவதில்லை. மருந்தின் டோஸ் சந்தேகம் என்றால் மெட்ஸ்கேப். டெல்லியிலிருந்தோ கேரளத்திலிருந்தோ வந்து சேர்ந்த மாணவன் என்றால், நோயாளியின் படுக்கையருகே நின்று ‘வலி எங்கே ஆரம்பித்தது’ என்று கேட்பதற்கே கூகுள் டிரான்ஸ்லேட் வேண்டியிருக்கிறது. இத்தனையும் முடிந்த பிறகுதான் இன்ஸ்டாகிராம்.

ஆக, ஒரு நாளில் எட்டு மணி நேரம் திரை என்று போனே கணக்குக் காட்டினாலும், அதில் எத்தனை மணி படிப்பு, எத்தனை மணி பொழுதுபோக்கு என்று பிரித்துச் சொல்ல அந்த மாணவிக்கே தெரியாது. படிப்பும் போதையும் ஒரே கண்ணாடித் துண்டுக்குள், ஒரு விரல் அசைவு தூரத்தில் இருக்கின்றன. குடிநோயாளியிடம் ‘டாஸ்மாக் பக்கமே போகாதே’ என்று சொல்லலாம். இவர்களிடம் அப்படிச் சொல்ல முடியாது, ஏனென்றால் வகுப்பறையே அந்தக் கடைக்குள்தான் நடக்கிறது.

கேள்வி வங்கியின் பிடி

வகுப்பறையை போனுக்குள் கொண்டுபோனது யார்? மாணவர்கள் தாமாகச் செய்துகொள்ளவில்லை. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா விலையைத் தரைக்கு இறக்கியது. அதே ஆண்டு டிசம்பரில் எம்.டி., எம்.எஸ். சேர்க்கைக்கான நீட் பி.ஜி. தேர்வு நடந்தது. கணினியில் தேர்வு. இப்போது 200 கேள்விகள், மூன்றரை மணி நேரம், சரியான விடைக்கு நான்கு மதிப்பெண், தவறினால் ஒன்று கழியும். இன்று இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதும் இந்தத் தேர்வில் ரேடியாலஜி, டெர்மட்டாலஜி போன்ற விரும்பிய சீட் கிடைப்பது ஒரு சிலருக்குத்தான். எம்.பி.பி.எஸ். மட்டும் படித்த டாக்டரை அக்கம்பக்கத்தில் ‘மேலே என்ன படிக்கிறீங்க?’ என்று கேட்கிற ஊர் இது. அதனால் முதலாம் ஆண்டில், உடற்கூறு அறையின் ஃபார்மலின் வாடைக்கு மூக்கு பழகுவதற்கு முன்பே, ஒரு கோச்சிங் ஆப் போனில் ஏறிவிடுகிறது.

மேரோ, பிரெப்லேடர் என்று இந்த ஆப்களின் பெயர் தெரியாத மருத்துவ மாணவர் கிடையாது. வீடியோ பார்க்க வேண்டும், நோட்ஸ் எழுத வேண்டும், பிறகு ‘கியூ பேங்க்’கில் மாட்யூல் மாட்யூலாகக் கேள்விகளை முடிக்க வேண்டும். மாதாமாதம் ‘கிராண்ட் டெஸ்ட்’, அதாவது ஜி.டி. அதில் அகில இந்திய ரேங்க் வரும். ஒரு கேள்வியைத் தொட்டால் விடை பச்சையாகவோ சிவப்பாகவோ மின்னும், கீழே இந்தக் கேள்விக்கு மற்றவர்களில் எத்தனை சதவீதம் பேர் சரியாகச் சொன்னார்கள் என்று தெரியும். எல்லாரும் சரியாகச் சொன்னதை நீங்கள் தப்பாகச் சொல்லியிருந்தால் வயிற்றைப் பிசையும். உடனே அடுத்த கேள்வி, அதற்கடுத்தது. ரீல்ஸ் எந்த ஆசையைத் தூண்டி விரலை நகர்த்த வைக்கிறதோ, அதே ஆசையைத்தான் இதுவும் தூண்டுகிறது. படிப்பு என்ற பெயர் இருப்பதால் அப்பா அம்மா திட்டுவதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

சந்தா கட்ட முடியாதவர்களுக்கு டெலிகிராம் இருக்கிறது. திருட்டு வீடியோக்களும் ஸ்கேன் செய்த நோட்ஸும் அங்கே குவிந்து கிடக்கின்றன. முந்தைய தலைமுறைக்குக் கல்லூரி வாசல் ஜெராக்ஸ் கடையில் சீனியரின் நோட்ஸ் கிடைத்தது, அதற்கு ஓர் அளவு இருந்தது. டெலிகிராமில் கிடைப்பதற்கு அளவே இல்லை. பத்து சீனியர்களின் நோட்ஸ், ஐந்து ஆசிரியர்களின் வீடியோ என்று டவுன்லோடு செய்துகொண்டே இருப்பதும் படிப்பதாகவே தோன்றும். இரவு இரண்டு மணிக்கு ஸ்டோரேஜ் நிரம்பிவிட்டது என்று போன் சொல்லும்போது ஒரு பக்கம்கூடப் படித்திருக்க மாட்டார்கள்.

கொரோனா இதற்கு முத்திரை வைத்தது. 2020 மார்ச்சில் கல்லூரிகள் மூடின. தமிழ்நாட்டில் மருத்துவ வகுப்புகள் நேரில் திரும்பியது அந்த ஆண்டு டிசம்பரில்தான். அந்த மாதங்களில் முதலாம் ஆண்டில் இருந்தவர்கள் மனித உடலை ஜூம் வழியாகக் கற்றார்கள். போனைக் கையில் கொடுத்து ‘இதுதான் உன் கல்லூரி’ என்று சொன்னவர்களே, கல்லூரி திறந்த மறுநாள் ‘அதைக் கீழே வை’ என்றார்கள்.

கேலியில் பிறந்த நோய்

இணைய அடிமைத்தனம் என்ற நோய் ஆரம்பத்தில் ஒரு ஜோக். 1995-ல் நியூயார்க் மனநல மருத்துவர் ஐவன் கோல்ட்பர்க், அமெரிக்க மனநல மருத்துவர்களின் தடித்த நோய்க் கையேட்டைக் கிண்டல் செய்வதற்காக, அதே நடையில் ஒரு நோயை ஜோடித்து இணையத்தில் போட்டார். டைப் அடிப்பதுபோல விரல்கள் தாமாக அசைவதும் அதில் ஓர் அறிகுறி. படித்தவர்களில் பலர் சிரிக்கவில்லை. தங்களுக்கும் இது இருப்பதாக எழுத ஆரம்பித்தார்கள். அடுத்த ஆண்டே கிம்பர்லி யங் என்ற உளவியலாளர் இதை நிஜமான ஆய்வாக முன்வைத்தார். 1998-ல் அவர் உருவாக்கிய 20 கேள்விகள்தான் இன்றும் உலகம் முழுக்கப் புழங்குகின்றன. மொத்தம் 100 மதிப்பெண். 31 முதல் 49 வரை லேசானது, 50 முதல் 79 வரை நடுத்தரம், 80-க்கு மேல் கடுமையானது என்பது வழக்கமான கணக்கு.

அந்தக் கேள்விகளை இப்போது வாசித்தால் சிரிப்பு வரும். வேறு வேலை இருக்கும்போது முதலில் இ-மெயிலைப் பார்க்கிறீர்களா என்று ஒரு கேள்வி. துணையோடு நெருக்கமாக இருப்பதைவிட இணையம் கிளர்ச்சி தருகிறதா என்று இன்னொன்று. டயல்-அப் காலத்து அமெரிக்கக் குடும்பஸ்தரிடம் கேட்க வேண்டியதை, நான்கு பேர் தங்கும் ஹாஸ்டல் அறையில் இருக்கும் பத்தொன்பது வயதுப் பையனிடம் கேட்கிறோம். இதைவிட வேடிக்கை, நம் மருத்துவக் கல்லூரிகளில் இந்த ஆய்வு நடக்கும் விதம். கம்யூனிட்டி மெடிசின் துறையின் புராஜெக்ட்டுக்கோ, ஐ.சி.எம்.ஆர். மாணவர் ஆய்வுத் திட்டத்துக்கோ ஒரு தலைப்பு வேண்டும். கைக்கு எட்டிய தூரத்தில் இருப்பவர்கள் வகுப்புத் தோழர்கள். கூகுள் ஃபார்ம் தயாராகும், லிங்க் வாட்ஸ்அப்பில் போகும், ‘ப்ளீஸ் ஃபில் பண்ணுங்கப்பா’ என்று நாலு தடவை நினைவூட்டல் வரும். போனுக்கு நீ அடிமையா என்பதை போனிலேயே கேட்டுத் தெரிந்துகொள்கிறோம்.

ஆனாலும் எண்களை ஒதுக்கிவிட முடியாது, நிதானமாகப் படிக்கத்தான் வேண்டும். மகாராஷ்டிராவின் மருத்துவ மாணவர்களிடம் நடந்து 2015-ல் வெளியான ஆய்வு 58.87 சதவீதம் பேருக்கு இணைய அடிமைத்தனம் என்றது. கேட்டதும் பகீரென்கிறது. உள்ளே போனால் அதில் 51.42 ‘லேசான’ ரகம். நடுத்தரமும் அதற்கு மேலும் 7.45 மட்டுமே. 2018-ல் பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 3,651 மருத்துவ மாணவர்களின் விவரத்தை ஒன்றாக அலசியவர்கள் 30.1 சதவீதம் என்றார்கள். அதே ஆண்டு தென்னிந்தியாவின் பல மருத்துவக் கல்லூரிகளில் 1,763 மாணவர்களிடம் நடந்த ஆய்வுதான் நமக்கு நெருக்கமானது. 27 சதவீதம் லேசானது, 10.4 நடுத்தரம், 0.8 கடுமையானது. இணையப் பிடி கூடக் கூட மன உளைச்சலும் கூடியிருந்தது.

லேசான ரகத்தைத் தள்ளிவைத்தால் மிஞ்சுவது நூற்றுக்குப் பதினொன்று. 250 பேர் கொண்ட பேட்ச் என்றால் 28 பேர். ‘ஐந்தில் இருவர் அடிமை’ என்று தலைப்புப் போட்டால் அந்த 28 பேர் கூட்டத்தில் கரைந்துவிடுகிறார்கள். எல்லாருக்கும் பொதுவாக ஓர் அறிவுரைக் கூட்டம் நடத்தி, பேட்ச் முழுவதையும் உட்காரவைத்து பவர்பாயின்ட் காட்டிவிட்டு, கடமை முடிந்தது என்று கல்லூரி எழுந்துவிடுகிறது. அந்த 28 பேரில் பாதிப் பேர் கூட்டத்துக்கே வந்திருக்க மாட்டார்கள்.

உலக சுகாதார நிறுவனமும் இந்த விஷயத்தில் அவசரப்படவில்லை. 2019-ல் ஏற்கப்பட்டு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த அதன் ஐ.சி.டி.-11 நோய்ப் பட்டியலில் இடம்பெற்றது ‘கேமிங்’ கோளாறு. பொதுவான இணைய அடிமைத்தனம் தனி நோயாக அதில் இல்லை. பெங்களூரு நிம்ஹான்ஸில் 2014 முதல் ‘ஷட்’ என்ற பெயரில் இதற்கென்றே தனி கிளினிக் நடக்கிறது. அங்கே மணிக்கணக்கைவிட முக்கியமாகப் பார்ப்பது வேறு: போன் இல்லாதபோது மனம் ஏங்குகிறதா, நிறுத்த நினைத்தும் முடியவில்லையா, வேண்டாம் என்று தெரிந்தும் கை போகிறதா, அதனால் படிப்போ உறவோ உடம்போ கெட்டிருக்கிறதா. நம் ஊர்ப் பெற்றோர் இந்த நான்கையும் கேட்டாலே போதும். ஸ்க்ரீன் டைமை வைத்துச் சண்டை போடுவதில் பலன் இல்லை.

மண்ணீரலைத் தொடும் விரல்

நோய் என்ற எல்லைக்குள் வராத மற்றவர்கள் எதை இழக்கிறார்கள்? என் கணக்கில் இரண்டு: தூக்கமும் வார்டும்.

தூக்கத்தைப் பற்றி நீட்டி முழக்க வேண்டியதில்லை. மெலடோனின் எப்போது சுரக்கும், திரை வெளிச்சம் அதை எப்படித் தள்ளிப்போடும் என்று முதலாம் ஆண்டு ஃபிசியாலஜி வைவாவில் கடகடவென்று ஒப்பிக்கிறவர்கள்தான் இரண்டு மணிவரை விழித்திருக்கிறார்கள். அறிவு இருப்பதால் பழக்கம் மாறிவிடாது என்பதற்கு சிகரெட் பிடிக்கும் டாக்டர்களே போதிய சாட்சி. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளுக்கு நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை பூட்டுப் போட்டு 2025-ல் தமிழ்நாடு அரசு விதி கொண்டுவந்தது, சென்னை உயர் நீதிமன்றமும் அதை ஏற்றது. இரவின் அந்த ஐந்து மணி நேரம்தான் ஆபத்தானது என்பது சட்டத்துக்கே புரிந்திருக்கிறது.

வார்டு விஷயம் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டியது. மண்ணீரல் வீங்கியிருக்கிறதா என்று கையால் பார்க்கும் முறையை எடுத்துக்கொள்வோம். நோயாளியை மல்லாக்கப் படுக்கவைத்து, முழங்காலைச் சற்று மடக்கச் சொல்ல வேண்டும். மாணவரின் கை சில்லென்று இருந்தால் வயிறு இறுகிவிடும், அதனால் முதலில் உள்ளங்கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொள்ள வேண்டும். விரல்களை வலது அடிவயிற்றில் வைத்து, இடது விலாவை நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற வேண்டும். அமுக்கித் தேடக் கூடாது. நோயாளி மூச்சை இழுக்கும்போது மண்ணீரல்தான் கீழே இறங்கி வந்து விரல் நுனியில் இடிக்க வேண்டும். அந்த மெல்லிய இடியை ஒருமுறை உணர்ந்தவருக்கு வாழ்நாளுக்கும் மறக்காது. உணரும் முன் பத்துப் பதினைந்து வயிறுகளைத் தொட்டிருக்க வேண்டும். யூடியூபில் இதற்கு அருமையான வீடியோக்கள் இருக்கின்றன. விரலில் இடிப்பது எப்படி இருக்கும் என்பதை மட்டும் அவற்றால் தர முடியாது.

அந்த வயிறுகள் இந்தப் பக்கத்து வார்டுகளில் தாராளமாக இருக்கின்றன. அம்பத்தூரில் லேத் ஓட்டியவர், திருமழிசையில் செங்கல் சுமந்தவர், ஊத்துக்கோட்டைப் பக்கத்தில் நெல் வைத்தவர் எல்லாம் இந்தக் கல்லூரி மருத்துவமனைகளின் பொது வார்டில் படுத்திருக்கிறார்கள். பேச்சுத் துணை இல்லாமல் கிடப்பவர்கள். யாராவது வந்து உட்கார்ந்து ‘என்னய்யா ஆச்சு?’ என்று கேட்டால், மூன்று தலைமுறை வியாதிக் கதையைச் சொல்லுவார்கள். நோயறிதலில் பெரும்பகுதி அந்தக் கதையில்தான் இருக்கிறது. ஆனால் நீட் பி.ஜி.யில் மண்ணீரலைத் தொடத் தெரியுமா என்று கேட்பதில்லை. போஸ்டிங் நேரத்தில் வார்டின் கடைசிப் படுக்கைக்கு அப்பால், ஜன்னலோரமாக நின்று நாலு பேர் கியூ பேங்க் போட்டுக்கொண்டிருந்தால், தேர்வின் கணக்குப்படி அவர்கள் செய்வது புத்திசாலித்தனமான வேலை. ஹவுஸ் சர்ஜன் ஆண்டில்கூட இதே கதைதான். ரத்தம் எடுத்து, டிஸ்சார்ஜ் சம்மரி எழுதி முடித்த இடைவெளியில் நோயாளியிடம் போவதற்குப் பதில் போனுக்குப் போகிறார்கள். இதை மாணவரின் ஒழுக்கக் கேடு என்று பேசுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. தேர்வை அப்படி வைத்தவர்கள் யாரும் மாணவர்கள் இல்லை.

கேமரா வேறொரு கதை. 2024 பிப்ரவரியில் கர்நாடகத்தின் கதக் அரசு மருத்துவக் கல்லூரியில் 38 மாணவர்கள் மருத்துவமனைக்குள் ரீல்ஸ் எடுத்துப் போட்டு நடவடிக்கைக்கு ஆளானார்கள். அவர்களின் பயிற்சிக் காலத்தைப் பத்து நாள் நீட்டித்தது கல்லூரி. டாக்டர்கள் சமூக ஊடகத்தில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2023 ஆகஸ்டில் ஒரு விதித்தொகுப்பு கொண்டுவந்து, அதே மாதமே நிறுத்திவைத்தது. நிறுத்தியதற்கு முக்கியக் காரணம் ஜெனரிக் மருந்துப் பிரச்னை. சமூக ஊடக விதிகளும் சேர்ந்து பரணுக்குப் போய்விட்டன.

யாரிடம் சொல்வது?

மருத்துவ மாணவர்களின் மனநிலை பற்றித் தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு 2024-ல் வெளியிட்ட அறிக்கை, போன் பிரச்னைக்குப் பின்னால் இருப்பதையும் காட்டுகிறது. ஆன்லைனில் பதில் சொன்ன 25,590 எம்.பி.பி.எஸ். மாணவர்களில் 27.8 சதவீதம் பேர் தங்களுக்கு மனநலக் கோளாறு இருப்பதாகத் தெரிவித்தார்கள். 16.2 சதவீதம் பேருக்குத் தற்கொலை எண்ணம் வந்துபோயிருக்கிறது. இவர்களில் பலருக்கு நள்ளிரவு ரீல்ஸ் என்பது ஆனந்தம் இல்லை. நாளைய வைவாவையும், வீட்டுக் கடனையும், பக்கத்து அறைக்காரனின் ரேங்க்கையும் கொஞ்ச நேரம் மறக்கும் மறைவிடம். போனைப் பிடுங்கினால் மறைவிடம் போய்விடும், பயம் அப்படியே இருக்கும். வைஃபையை இரவு பதினொன்றுக்கு நிறுத்தும் ஹாஸ்டல்களில் நடப்பது என்ன? மொபைல் டேட்டா ஆன் ஆகிறது, ஒருவரின் ஹாட்ஸ்பாட்டில் மூன்று பேர் தொற்றிக்கொள்கிறார்கள்.

2022 டிசம்பரில் தமிழ்நாடு அரசு மருத்துவ மாணவர்களுக்காக ‘மனம்’ என்ற பெயரில் மனநல நல்லாதரவு மன்றங்களைத் தொடங்கியது. நல்ல முயற்சி. ஆனால் எந்தக் கல்லூரியானாலும் ஒரு தடங்கல் உண்டு, அதை மாணவர்கள் உடனே சொல்லிவிடுவார்கள். கல்லூரியின் மனநல மருத்துவர் யார்? சைக்கியாட்ரி வகுப்பு எடுப்பவர். போஸ்டிங்கில் கையெழுத்துப் போடுபவர். அவரிடம் போய் ‘சார், மூன்று நாளாக ரூமை விட்டு வெளியே வரவில்லை, கேம் ஆடிக்கொண்டிருக்கிறேன்’ என்று எப்படிச் சொல்வது? ஓ.பி. சீட்டு போடும் இடத்தில் உட்கார்ந்திருப்பவர்கூடத் தெரிந்த முகம். செய்தி டிபார்ட்மெண்ட்டுக்குப் போகும், அங்கிருந்து வீட்டுக்குப் போகும் என்ற பயம் நியாயமானதோ இல்லையோ, அது இருக்கிறது.

வெளியே போகலாம் என்றால், கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்தின் புறநோயாளிப் பிரிவு காலையில் நடப்பது. தண்டலத்திலிருந்து அங்கே போய் வரிசையில் நின்று திரும்ப ஒரு காலை நேரம் முழுக்கப் போய்விடும். அது போஸ்டிங் நேரம். செய்முறைக்கு 80 சதவீத வருகைப்பதிவு கட்டாயம் என்பதால் காரணம் எழுதிக் கொடுக்க வேண்டும், அந்தக் காரணத்தை எழுதத்தான் யாருக்கும் மனம் வருவதில்லை. தனியார் மனநல மருத்துவரிடம் போக அப்பாவிடம் பணம் கேட்க வேண்டும்.

இதற்குக் கல்லூரிகள் செய்யக்கூடியது பெரிய செலவு பிடிக்கிற காரியம் ஒன்றுமில்லை. இரண்டு பக்கத்துக் கல்லூரிகள் தங்கள் மாணவர்களை மாற்றிக்கொள்ளலாம்: இவர்கள் பிள்ளைகளை அவர்கள் மனநல மருத்துவர் பார்க்கட்டும், அவர்கள் பிள்ளைகளை இவர்கள் பார்க்கட்டும். வேலப்பன்சாவடிக்கும் தண்டலத்துக்கும் நடுவே மட்டும் போதுமான கல்லூரிகள் இருக்கின்றன. மாலை ஐந்து மணிக்கு மேல் ஓர் அறை, பெயர் எழுதாத ஒரு நோட்டு, வருகைப்பதிவில் கை வைக்காத ஓர் உத்தரவு. யூனிட் குரூப்பில் மறுநாள் டியூட்டி விவரத்தை இரவு பதினொன்றரைக்குப் போடாமல் மாலை ஆறுக்குள் போட்டுவிடுவதும் அந்த உத்தரவிலேயே சேரலாம். அது வரைக்கும் இரவு இரண்டு மணிக்கும் எடுக்கப்படும் தொலைபேசி எண் ஒன்று உண்டு: 14416, மத்திய அரசின் டெலிமானஸ். தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை, எந்தக் கல்லூரி என்று சொல்லத் தேவையில்லை.